பேரியம் ஃபெரைட் சிங்கிள் கிரிஸ்டல்: கேஎல் லேப்ல வளர்த்து, திசை பார்த்து அளந்த பதிவு

ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற ரப்பர் மேக்னட், ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்குற கருப்பு வளையம், இதெல்லாம் பேரியம் ஃபெரைட்டு (பேரியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த காந்தப் பொருள்), இல்லன்னா அதோட பங்காளி ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட்டு. டேட்டா சென்டர்ல ஓடுற எல்டிஓங்குற காந்த டேப்லகூட பேரியம் ஃபெரைட் துகள்தான் இருக்கு. நெதர்லாந்துல ஃபிலிப்ஸ் லேப்காரங்க 1952ல இத பர்மனன்ட் மேக்னட்டா எழுதி வெளியிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் மவுசு குறையல. ஆனா நம்ம கைக்கு வர்றது எல்லாமே பவுடர அழுத்திச் சுட்டது, ஒவ்வொரு துகளும் ஒரு பக்கம் பார்த்துட்டு கிடக்கும். இந்தப் பொருளோட குணமே திசையிலதான் இருக்கு, பவுடர்ல அளந்தா அந்தத் திசை கலங்கிப்போய் ஒரு சராசரி மட்டும்தான் மிஞ்சும். அதனாலதான் அணு வரிசை முழுக்க ஒரே திசையில இருக்குற ஒத்தக் கிரிஸ்டலா வளர்த்து, எந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு அதுகிட்டயே கேட்கணும்னு இறங்கினேன். கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, ஒரு யூனிவர்சிட்டி லேப், சாதாரண பாக்ஸ் ஃபர்னஸ், ஒரு பிளாட்டினம் க்ரூசிபிள் (உருக்குற கிண்ணம்), இவ்வளவுதான் கையில இருந்தது. ஆப்டிகல் ஃப்ளோட்டிங் ஸோன் ஃபர்னஸ் (ஒளியைக் குவிச்சு கம்பியோட ஒரு பகுதிய மட்டும் உருக்குறது) இருக்குற இடத்துல வேற வழி உண்டு, இது அது இல்லாதவங்களுக்கான வழி.

பேரியம் ஃபெரைட்ட சாதாரண காத்துல நேரடியா உருக்கி வளர்க்க முடியாது, உருகுறதுக்குள்ள ஆக்சிஜன விட்டுட்டு வேற பொருளா பிரிஞ்சிடும். இரும்பு ஆக்சைட மட்டும் எடுத்தாக்கூட காத்துல 1390 டிகிரி பக்கம் போனா ஹெமடைட்டுங்குற அந்த ஆக்சைடு, ஆக்சிஜன் குறைஞ்ச மேக்னடைட்டா மாறிடும். அதனால இன்னொரு உருகின பொருள்ல கரைச்சு, மெல்ல ஆறவிட்டு, கரைசல்லேர்ந்து கிரிஸ்டல் இறங்க வைக்கணும், அதுதான் ஃப்ளக்ஸ் முறை. ஈய ஆக்சைடு ஃப்ளக்ஸ்ல நல்லா வளரும்னு தெரியும், ஆனா சூட்டுல ஈயப்புகை கிளம்பும், எங்க ஃப்யூம் எக்ஸ்ட்ராக்ஷன நம்பி அத நான் தொட மாட்டேன். சோடியம் கார்பனேட்டு ஃப்ளக்ஸ், காம்பினோவும் லியோனார்டும் 1961ல காட்டின வழி, மலிவு, விஷப்புகை கிடையாது, எனக்கு அது போதும்.

விகிதம் மோல் கணக்குல இரும்பு ஆக்சைடு 10, சோடியம் கார்பனேட்டு 5, பேரியம் கார்பனேட்டு 4. நான் எடுத்தது இரும்பு ஆக்சைடு 15.97 கிராம், சோடியம் கார்பனேட்டு 5.30, பேரியம் கார்பனேட்டு 7.89, மொத்தம் 29 கிராம் சொச்சம். ஃபார்முலாவுல ஒரு பேரியத்துக்கு 12 இரும்பு, ஆனா இந்தக் கலவையில ஒரு பேரியத்துக்கு 5 இரும்புதான் வருது, பேரியம் வேணும்னே அதிகம், மிச்ச பேரியமும் சோடியமும் சேர்ந்துதான் கரைப்பானா நிக்குது. பேரியம் கார்பனேட்டு விஷம், வயித்து ஆசிட்ல கரையும், அதனால கிளவுஸ், மாஸ்க் ரெண்டும் கட்டாயம், எடை போட்ட மேசையைத் தொடச்ச டிஷ்யூவும் கெமிக்கல் வேஸ்ட்லதான் போகணும்.

எடை போடுறதுல கேஎல் ஈரம் ஒரு பெரிய விஷயம். சோடியம் கார்பனேட்டு காத்துலேர்ந்து தண்ணிய இழுத்து மோனோஹைட்ரேட்டா போச்சுன்னா எடையில 17 சதவீதம் தண்ணி ஏறிடும், பாட்டில் மேல தூய்மை 99.9ன்னு போட்டிருந்தும் பிரயோஜனம் இல்ல. ராத்திரி முழுக்க 250 டிகிரியில காயவச்சு, சூடா இருக்கும்போதே டெசிக்கேட்டர்ல (ஈரம் புகாத பாத்திரம்) போட்டு, எடுத்த உடனே எடை போட்டேன். ஏர்கோன் ஓடுற ரூம்லயும் தராசுத் தட்டுல வச்ச பொடியோட எடை கடைசி இலக்கத்துல மெல்ல ஏறிக்கிட்டே இருக்குறத கண்ணால பார்க்கலாம், பார்த்தாத்தான் எவ்வளவு வேகமா வேலை செய்யணும்னு புரியும்.

அடுத்து கேஸ். இந்தக் கலவையிலேர்ந்து கிட்டத்தட்ட 4 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளிய வரணும், ரூம் சூட்டுல அது 2 லிட்டருக்கு மேல. எல்லாத்தையும் ஒரே தடவையில 30 மில்லி க்ரூசிபிள்ல கொட்டி சூடேத்தினா பால் பொங்குற மாதிரி பொங்கி ஃபர்னஸ் தரையில வழிஞ்சிடும், தரைச் செங்கலும் போயிடும், பிளாட்டினமும் ஒட்டிக்கும். அதனால மூணையும் நல்லா அரைச்சு, 900 டிகிரிக்கு மணிக்கு 100 டிகிரி வேகத்துல ஏத்தி, அங்க பல மணி நேரம் வச்சு, ஆறினதும் மறுபடி அரைச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா க்ரூசிபிள்ல நிரப்பினேன். எடை பார்த்து, போகவேண்டிய கேஸ் பெரும்பாலும் போயிடுச்சான்னு சரிபார்த்துக்கிட்டுதான் அடுத்த படி.

க்ரூசிபிளுக்குப் பிளாட்டினம்தான் வேணுமா, அலுமினா ஆகாதான்னு ஜூனியர் பசங்க கேட்பாங்க, ஏன்னா பிளாட்டினம் விலை அப்படி. சோடியமும் இரும்பும் கலந்த இந்த மெல்ட் (உருகின கலவை) அலுமினாவ அரிக்கும், அரிச்ச அலுமினியம் சும்மா இருக்காது, கிரிஸ்டலுக்குள்ள இரும்பு இடத்துல போய் உக்காந்துக்கும், மேக்னடைசேஷன் (காந்த பலம்) குறையும், க்யூரி டெம்பரேச்சரும் (காந்தத்தன்மை போற சூடு) இறங்கும். அப்புறம் நீங்க அளக்குறது பேரியம் ஃபெரைட் இல்ல, பேர் தெரியாத ஒரு கலவை. பிளாட்டினம் க்ரூசிபிள மூடி போட்டு, பெரிய அலுமினா க்ரூசிபிளுக்குள்ள அலுமினா பவுடர்ல பாதி புதைச்சு வச்சேன், சூடு சட்டுனு ஏறி இறங்காம இருக்க அது உதவும், கசிஞ்சாலும் ஃபர்னஸ் தப்பிக்கும்.

இப்ப புரோகிராம். 1300 டிகிரிக்கு ஏத்தி, எல்லாம் கரைஞ்சு ஒண்ணா கலக்க 12 மணி நேரம், அப்புறம் 1270க்கு இறக்கி, அங்கேர்ந்து 1000 வரைக்கும் மணிக்கு 3 டிகிரி. அது மட்டும் 90 மணி நேரம். 1000க்குக் கீழ ஃபர்னஸ அது பாட்டுக்கு ஆற விட்டுடலாம். இந்த 90 மணி நேரத்துலதான் எல்லாமே தீர்மானம் ஆகுது. மெதுவா இறங்கினா முதல்ல பிறந்த சில விதைங்க மட்டும் பெருசாகும், இடையில ஒரு தடவை சூடு பொசுக்குனு விழுந்தா மெல்ட் பூரா புது விதைங்க பிறந்து, ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு, கடைசியில கருப்பு மினுமினுப்புத் தூள்தான் கிடைக்கும்.

கேஎல்ல சூடு விழ வைக்குறது இடி மழை. ஏப்ரல், மே மாசமும் அக்டோபர், நவம்பரும் சாயங்காலம் ஆனா வானம் இருட்டிக்கிட்டு வரும், வெளிச்சம் ஒரு சிமிட்டு சிமிட்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர்கூட அணையாது. ஆனா ஃபர்னஸோட மெயின் கன்டாக்டர் (ஹீட்டருக்குக் கரண்ட் விடுற, ஒரு காயில் காந்தமா இழுத்துப் பிடிச்சிருக்குற பெரிய சுவிட்சு) அந்தச் சிமிட்டுல விழுந்துடும், யாராவது வந்து பச்சை பட்டன அமுக்குற வரைக்கும் திரும்ப எழும்பாது. கன்ட்ரோலர் யூபிஎஸ்ல இருக்குறதால அது ஜம்முனு ஓடிக்கிட்டு, செட் பாயின்ட்ட (இருக்கவேண்டிய சூட்ட) மணிக்கு 3 டிகிரியா இறக்கிக்கிட்டே இருக்கும், கீழ ஹீட்டருக்கு கரண்டே போகாது. எங்க முதல் மெல்ட் இப்படித்தான் போச்சு. டேட்டா லாகர்ல பார்த்தா நேர்கோடா இறங்கின சூடு ஒரு இடத்துல செங்குத்தா விழுந்திருக்கு. எங்க சார்ஜ்மேன் (கரண்ட் வேலைக்கு லைசென்ஸ் உள்ளவர்) அண்ணே அந்த கிராஃபப் பார்த்ததும் சொன்னாரு, "கன்ட்ரோலருக்கு உசுரு இருக்கு தம்பி, கன்டாக்டருக்குத்தான் இல்ல. காயிலுக்குப் போற லைன மாத்தணும், ஆனா டோர் சுவிட்சையும் ஓவர் டெம்பரேச்சர் கட்டவுட்டையும் நான் தொட விடமாட்டேன்."

அவர் செஞ்சது இதுதான்: கன்டாக்டர் காயில் சப்ளைய யூபிஎஸ் பக்கம் மாத்தினாரு, டோர் சுவிட்சு, ஓவர் டெம்பரேச்சர் ரெண்டும் அதே வரிசையிலதான் இருக்கு, அதுல ஒண்ணு திறந்தாலும் காயில் விழும். காயிலுக்கு வேண்டிய கரண்ட் ரொம்பக் கம்மி, சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும், ஹீட்டர அந்தச் சின்ன யூபிஎஸ்ல ஓட்ட முடியாது. கூடவே கன்ட்ரோலர்ல ஹோல்ட்பேக்க ஆன் பண்ணி வச்சோம், சூடு செட் பாயின்ட்டுக்கு 3 டிகிரிக்கு மேல பின்தங்கினா புரோகிராம் கடிகாரம் நிக்கும், சூடு திரும்பி வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து போகும். புடு பக்கம் ஜாலான் பாசார்ல கிடைக்குற ரிலே, டெர்மினல் பிளாக்கு, கொஞ்சம் வயரு, செலவு பெருசா ஒண்ணும் இல்ல. ஃபர்னஸ் வயரிங்க மட்டும் லைசென்ஸ் உள்ள ஆள வச்சுதான் செய்யணும், 230 வோல்ட், அதுவும் ஆள் இல்லாம ராத்திரி ஓடுற மெஷின்.

நிமிஷக் கணக்குல கரண்ட் போச்சுன்னா இதெல்லாம் காப்பாத்தாது. அப்ப நான் வச்சிருக்குற வழக்கம்: இறக்கம் ஆரம்பிச்ச புதுசுன்னா யோசிக்காம திரும்ப 1300க்கு ஏத்தி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பாதிக்கு மேல போயிருந்தா, விட்ட சூட்டுக்கு 15, 20 டிகிரி மேல கொண்டுபோய் சில மணி நேரம் வைக்கணும், புதுசா பிறந்த பொடிங்க கரைஞ்சிடும், பெருசுங்க ஓரம் மட்டும் தேய்ஞ்சு தப்பிக்கும், அப்புறம் இறக்கத்தைத் தொடரலாம்.

வயரிங் மாத்தினதுக்கு அப்புறம் வந்த மெல்ட்ட திறந்தப்ப மேல்பரப்பே சொல்லிடுச்சு. கருப்பு மேட்டுக்கு நடுவுல அங்கங்க முகம் தெரியுற பளபளப்போட தட்டையான ஓரங்க நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ஓரத்துக் கோணம் 120 டிகிரி. அதப் பார்த்தப்ப வந்த சந்தோஷம் இன்னும் போகல.

பிரிச்செடுக்குறதுக்கு மொதல்ல வெந்நீர், சோடியம் ஃபெரைட்டு தண்ணியிலயே மெல்ல உடையும். அப்புறம் 20 சதவீத நைட்ரிக் ஆசிட்டுல ஃப்யூம் ஹூட்டுக்குள்ள சூடு பண்ணி, ஆசிட்ட மாத்தி மாத்தி, மிச்ச ஃப்ளக்ஸ கழட்டணும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டு வேகமா வேலை செய்யும், ஆனா அது சூட்டுல கிரிஸ்டலையே கடிக்கும், ஓரம் மழுங்கிடும், அதனால நைட்ரிக்தான் என் ஓட்டு. மேக்னெட்டிக் ஸ்டிரரு பக்கமே கொண்டுபோகக் கூடாது, கிரிஸ்டல் எல்லாம் சுத்துற பார்ல ஒட்டிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு உரசி நொறுங்கும், கையாலயே பீக்கர ஆட்டிக்கலாம். கழுவின ஆசிட்டுல பேரியம் கரைஞ்சிருக்கு, சிங்க்ல ஊத்தக்கூடாது, சோடியம் சல்பேட்டு போட்டு பேரியம் சல்பேட்டா இறக்கி, வடிகட்டி, வேஸ்ட் டப்பாவுல. பொறுக்குறதுக்கு பிளாஸ்டிக் ட்வீசர், இரும்பு ட்வீசர்னா கிரிஸ்டல் தகடு தாவி வந்து ஒட்டிக்கும், உதறினா எங்க விழுந்துச்சுன்னு தேடணும்.

ஒரு சின்ன சோதனை எல்லாரும் செய்யலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. வாட்ச் கிளாஸ்ல தண்ணி விட்டு தகட அதுல படுக்கப் போட்டு, பக்கவாட்டுலேர்ந்து ஒரு மேக்னட்ட மெல்ல கொண்டுவாங்க. மெலிசான மேக்னடைட் தகடுன்னா படுத்தபடியே மேக்னட் பக்கம் நகரும், ஏன்னா அதுக்குத் தகட்டோட தளத்துலயே காந்தம் ஆகுறது சுலபம். பேரியம் ஃபெரைட் தகடு அப்படி இல்ல, ஓரத்துல எழுந்து நிக்கும். அதுக்குச் சுலபமான திசை தகட்டுக்குச் செங்குத்தா இருக்குற சி அச்சு, அந்த அச்ச மேக்னட் பக்கம் திருப்பணும்னா தகடு எழுந்துதான் ஆகணும். 2 மில்லிமீட்டர் அகலமும் 0.3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கருப்புச் சில்லு தண்ணிக்குள்ள விருட்டுனு எழுந்து நின்னப்ப, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு அணு வரிசையப் பார்க்குறது) எடுக்குறதுக்கு முன்னாடியே என்ன வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.

எக்ஸ்ஆர்டியில தகட்டோட முகத்த அப்படியே வச்சு ஸ்கேன் பண்ணினா 0 0 4, 0 0 6, 0 0 8 இப்படி சி அச்சுக்குக் குறுக்கான தளங்களோட வரிசை மட்டும்தான் வரணும், வந்துச்சு. காப்பர் குழாயில டூ தீட்டா (எக்ஸ்ரே திரும்புற கோணம்) 15.3, 23.0, 30.8 பக்கம், மேல 55.4ல 0 0 14. அதுலேர்ந்து சி நீளம் (அந்த அச்சுல அணு அடுக்கு திரும்ப வர்ற தூரம்) 23.2 ஆங்ஸ்ட்ராம். பேக்ரவுண்ட் மட்டும் ரொம்ப உயரமா இருக்கும், பயப்பட வேண்டாம், காப்பர் எக்ஸ்ரே இரும்ப ஒளிர வைக்கும், அந்த வெளிச்சம்தான் அது. டிடெக்டர்ல எனர்ஜி டிஸ்க்ரிமினேஷன் இருந்தா இறுக்கிக்கலாம், மோனோகுரோமேட்டர் இருந்தா இன்னும் நல்லது. லாவே படத்துல (கிரிஸ்டல்ல பட்ட எக்ஸ்ரே விழுத்துற புள்ளிப் படம்) ஆறு மடிப்பு சமச்சீர் வந்துச்சு, ஒரு தகட்டுல மட்டும் புள்ளிங்க ரெண்டு ரெண்டா பிரிஞ்சிருந்துச்சு, ரெண்டு கிரிஸ்டல் லேசான சாய்வுல ஒட்டி வளர்ந்தது, அத ஒதுக்கிட்டேன். இடிஎக்ஸ்ல (எந்தத் தனிமம் எவ்வளவுன்னு பார்க்குற சோதனை) சோடியம், பிளாட்டினம் ரெண்டும் கண்டுபிடிக்கிற அளவுக்கு இல்ல, இரும்புக்கும் பேரியத்துக்கும் விகிதம் 12க்குப் பக்கம்.

டொமைன் (காந்தம் ஒரே பக்கம் பார்க்குற குட்டிப் பகுதி) பார்க்க பிட்டர் முறை, 1931லேர்ந்து இருக்குற வழி. ஃபெர்ரோஃப்ளூயிட்ட (நுண் காந்தத் துகள் மிதக்குற திரவம்) நல்லா நீர்க்க பண்ணி ஒரு சொட்டு, மேல கவர் ஸ்லிப், மெட்டலர்ஜிக்கல் மைக்ரோஸ்கோப். சில நிமிஷத்துல பழுப்புத் துகள் எல்லாம் டொமைன் சுவர் மேல போய் சேர்ந்து, அலை அலையான கோடும் அதுக்கு நடுவுல குட்டிப் பூவும் தெரிய ஆரம்பிக்குது. மேக்னட்ட கிட்ட கொண்டுவந்தா அந்தக் கோடு கண்ணு முன்னாடியே நகரும். கூயும் என்ஸும் 1960ல இதே பொருள மைக்ரான் கணக்குல மெலிசாக்கி, ஒளிய ஊடுருவ விட்டு டொமைனப் படிச்சாங்க, இன்னைக்கும் டொமைன் அகலக் கணக்குக்கு அவங்க பேப்பர்தான் அஸ்திவாரம்.

இந்தச் சுவர் நகர்றதுதான் விஎஸ்எம்ல (சாம்பிள அதிரவச்சு காந்தத்த அளக்குற மெஷின்) வர்ற ஆச்சரியத்துக்குக் காரணம். பெர்மனன்ட் மேக்னட்டா விக்கிற அதே பொருள், ஆனா என் கிரிஸ்டல்ல கோயர்சிவிட்டி (காந்தத்த அழிக்க வேண்டிய எதிர் ஃபீல்டு) கிட்டத்தட்ட பூஜ்யம், ஏறின கோடும் இறங்கின கோடும் ஒண்ணு மேல ஒண்ணு. ஸ்பீக்கர் மேக்னட்ல கோயர்சிவிட்டி ஆயிரக்கணக்கான ஓர்ஸ்டெட் (ஃபீல்டோட அலகு) வர்றதுக்குக் காரணம் துகள மைக்ரான் அளவுக்கு அரைச்சு, சுவர் சுலபமா பிறக்கவும் ஓடவும் முடியாம பண்ணினதுதான். பெரிய சுத்தமான கிரிஸ்டல்ல சுவர் தடையில்லாம ஓடும். பொருளோட அனிசோட்ராபி (திசைக்குத் திசை மாறுற குணம்) ஒண்ணு, மேக்னட்டோட பிடிவாதம் வேற ஒண்ணு, ரெண்டையும் குழப்பிக்கிறவங்க நிறைய பேரு, இந்த ஒரு கிராஃபக் காட்டினா போதும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, டிமேக்னடைசிங் ஃபீல்டு, அதாவது காந்தமான தகடு தனக்குள்ளயே உண்டாக்குற எதிர் ஃபீல்டு. சி அச்சு சுலபத் திசைன்னு சொல்றோம், ஆனா என் தகட்டுல அந்தத் திசையில காந்தம் முழுசா நிரம்ப 4 கிலோ ஓர்ஸ்டெட் பக்கம் வேண்டியிருந்துச்சு, கோடு சாய்வாத்தான் ஏறும். மெலிசுத் தகட்டுக்குச் செங்குத்துத் திசையில டிமேக்னடைசிங் ஃபேக்டர் 0.8 வருது, இந்தப் பொருளோட ஃபோர் பை எம் (முழுசா நிரம்பின காந்தத்தோட அளவு) 4.8 கிலோ காஸ், பெருக்கினா அந்த 4 கிலோதான். திருத்தம் போட்டா கோடு செங்குத்தா நிமிர்ந்துடும். திருத்தம் போடாம அனிசோட்ராபி கணக்குப் பண்ணினா வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல.

ரெண்டாவது, ஒட்டுறது. தகட்டுத் தளத்துல ஃபீல்டு போகுற மாதிரி வச்சு அளக்கும்போது கிரிஸ்டல் சி அச்ச ஃபீல்டு பக்கம் திருப்பப் பார்க்கும், வேக்கம் கிரீஸ் எல்லாம் தாங்காது, தகடு லேசா சாய்ஞ்சாலும் வளைஞ்ச கோடு வரும், அத வச்சு கதை எழுதிடக்கூடாது. சூப்பர் குளூ போட்டு குவார்ட்ஸ் ராடுல ஒட்டி, அளந்த பிறகு அசிட்டோன்ல கழட்டினேன். 5.5 மில்லிகிராம் கிரிஸ்டல், அதனால எடையும் மைக்ரோபேலன்ஸ்லதான், இல்லன்னா தப்பு அங்கேயே ரெண்டு சதவீதம் வந்துடும். சி அச்சுல கிராமுக்கு 70 இஎம்யு (காந்த பலத்தோட அலகு) கிடைச்சுது, புத்தகத்துல ரூம் சூட்டுக்கு 72 போட்டிருப்பாங்க. தளத்துல எங்க மேக்னட்டோட உச்சம் 10 கிலோ ஓர்ஸ்டெட், அங்க 40தான் வந்துச்சு, கோடு நேரா ஏறிக்கிட்டே இருக்கு. அத நீட்டிப் பார்த்தா 17 கிலோ ஓர்ஸ்டெட் தாண்டித்தான் 70ஐத் தொடும், அந்த 17தான் இதோட அனிசோட்ராபி ஃபீல்டு, கஷ்டமான திசையில நிரப்ப வேண்டிய ஃபீல்டு.

70ங்குற நம்பரே அழகான விஷயம். 12 இரும்பும் அஞ்சு விதமான இடத்துல உக்காந்திருக்கு, 8 பேரு ஒரு பக்கம், 4 பேரு எதிர்ப்பக்கம், மிச்சம் 4, ஆளுக்கு 5 போர் மேக்னட்டான் (அணுவோட காந்தத்துக்கான அலகு), மொத்தம் 20. எதிரெதிரா நின்னும் முழுசா அழியாம மிஞ்சுற இந்த ஃபெரிமேக்னடிசத்துக்கு லூயி நீல் 1948ல கொடுத்த விளக்கம்தான் அடிப்படை. அந்த 20ஐ கிராமுக்கு மாத்தினா 100 இஎம்யு, அது பூஜ்யம் கெல்வின் பக்கம் வர வேண்டியது, ரூம் சூட்டுல சூடு ஆட்டுறதால 70 சொச்சத்துக்கு இறங்கிடுது.

க்யூரி டெம்பரேச்சர் பார்க்க தனி மெஷின் தேவைப்படல. டிஜிஏ (சூடேத்திக்கிட்டே எடை பார்க்குற மெஷின்) ஃபர்னஸுக்கு வெளிய ஒரு சின்ன மேக்னட்ட வச்சு சூடேத்தினா, காந்த இழுப்பும் எடையாத் தெரியும், 450 டிகிரி பக்கம் அந்த இழுப்பு போய் எடைக்கோடு ஒரு படி இறங்கும். இறக்கும்போது அதே இடத்துல திரும்ப வந்துச்சுன்னா எடை மாறல, காந்தம்தான் மாறிச்சுன்னு அர்த்தம். என் கிரிஸ்டல்ல படி ஒண்ணே ஒண்ணுதான், 580 டிகிரி பக்கம் மேக்னடைட்டோட படி எதுவும் இல்ல.

அடுத்த மெல்ட்டுக்குப் பொடி காய வச்சாச்சு, இந்தத் தடவை கணக்குப் பண்ணி கொஞ்சம் அலுமினா வேணும்னே சேர்க்குறேன், மேக்னடைசேஷன் இறங்கி அனிசோட்ராபி ஃபீல்டு ஏறும். அப்ப தளத்துல அளக்க எங்க 10 கிலோ ஓர்ஸ்டெட் இன்னும் பத்தாது, சூப்பர்கண்டக்டிங் மேக்னட் இருக்குற லேப்ல நேரம் கேட்டிருக்கேன்.